கடைமடை வரை போய்ச் சேரும் கட்டுரை

சம்பா நாற்று விடும் காலத்தில் என் போன் ஓயாது. மன்னார்குடியிலிருந்து ஒருவர், திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர், பாபநாசத்திலிருந்து ஒருவர். எல்லாரும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள்: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், உரக்கடை வைத்திருக்கும் வேளாண் பட்டதாரிகள், விதைப்பண்ணை போடுபவர்கள், ட்ரோனில் மருந்து தெளிப்பவர்கள். வயலில் பார்த்ததைப் பத்து நிமிஷம் அத்தனை தெளிவாகச் சொல்வார்கள். "இதை அப்படியே நம்ம செய்திமடலுக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் குரல் இறங்கிவிடும். "எழுத்தெல்லாம் எனக்கு வராதுக்கா." மறுவாரம் ஒருவழியாக எழுதி அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் நாலு பக்கம். முதல் பக்கம் முழுக்க நெல்லின் பெருமை. போனில் சொன்ன விஷயம் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் ஒதுங்கியிருக்கும்.

மாதம் இரண்டு முறை மின்னஞ்சலில் போகும் ஒரு தொழில் மடலுக்கு வரும் கட்டுரைகளைச் சில வருஷமாகச் செப்பனிட்டு வருகிறேன். முதல்முறை எழுத வருகிறவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே வரிசையாக வைக்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயலுக்கு, எட்டுவதற்குள் வழியிலேயே எவ்வளவோ குறைந்துவிடும். கட்டுரையை எழுதும்போது எனக்கு அந்தக் கடைமடைதான் நினைவுக்கு வரும். முதல் வரியில் நுழைந்தவர் கடைசி வரி வரை வந்து சேர வேண்டும். நம் வாசகர் மேசையில் உட்கார்ந்து படிப்பதில்லை. வரப்பில் நின்றபடி, வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி

முதல் வேலை, விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது. "சம்பா சாகுபடித் தொழில்நுட்பங்கள்" என்பது கட்டுரைக்கான விஷயம் இல்லை. அது ஒரு கையேட்டின் பெயர். இந்த வாரம் உங்களிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள், அதை எடுங்கள். "நட்டு இருபது நாளாச்சு, பயிர் திட்டுத் திட்டாக் குட்டையா நிக்குதே, யூரியா போடலாமா?" இது ஒரு கட்டுரை. "அறுப்புக்கு முன்னால உளுந்து தெளிக்கணுமாமே, எத்தனை நாளுக்கு முன்னால?" இது இன்னொரு கட்டுரை. "புகையான் எத்தனை இருந்தா மருந்து அடிக்கணும்?" இது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து எழுதினால் மூன்றுமே மனசில் நிற்காது.

கேள்வி கிடைத்ததும் ஒரு துண்டுத் தாளில் இரண்டே விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். இதைப் படித்த பிறகு வாசகர் என்ன செய்வார்? அதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்வியைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நெல் தரிசில் உளுந்து விதைப்பதைப் பற்றிய கட்டுரை, சம்பா அறுப்புக்கு முன்பே வாசகர் கையில் இருக்க வேண்டும். நிற்கிற பயிருக்குள், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது தெளிக்கிற விதை அது. அறுத்த பிறகு வரும் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த வருஷத்துக்குத்தான்.

அளவைப் பொறுத்தவரை 300 முதல் 400 சொல் போதும். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒட்டி நம் மொழியில் ஒரு சொல்லே நீளமாக வரும். 400 சொல் என்பது சின்னத் திரையில் நாலைந்து முறை தள்ளிப் படிக்கிற அளவு.

முதலில் பேசுங்கள்

எழுத உட்கார்ந்ததும் பலருக்குக் கை கட்டிப்போகிறது. காரணம் எளிது: எழுத்து என்றால் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நினைவுக்கு வருகிறது, முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அதனால் எழுதாதீர்கள், பேசுங்கள். போனில் குரல் பதிவை ஓட விட்டு, கேள்வி கேட்டவருக்குச் சொல்வது போலவே சொல்லுங்கள். அப்புறம் அதைக் கேட்டு எழுதுங்கள். ஜிபோர்டில் தமிழில் பேசியே தட்டச்சு செய்யும் வசதி உண்டு, அதையும் பயன்படுத்தலாம். நம் வட்டாரச் சொற்களில் அது தடுமாறும் என்பதால் ஒருமுறை வரிவரியாகச் சரிபார்த்துவிடுங்கள்.

பேச்சில் வந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் அனுபவம். ஒருவரிடம் நேரில் சொல்லும்போது மனசு தானாகவே முக்கியமானதை முதலில் சொல்கிறது. பேச்சை எழுத்தாக்கும்போது "வந்து", "அதாவது" போன்றவற்றை எடுத்துவிடுங்கள், வினைமுற்றுகளை எழுத்து வழக்குக்கு மாற்றுங்கள். வரிசையைத் தொடாதீர்கள்.

முதல் வரி

எனக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன: "நெல் உலகின் முக்கியமான உணவுப் பயிர்களுள் ஒன்றாகும். தமிழகத்தின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படும் காவிரிப் படுகையில்..." இதைப் படிக்கப்போகிறவர் காவிரிப் படுகையில் பிறந்து, நெல்லிலேயே பிழைக்கிறவர். அவருக்குத் தெரியாத ஒன்றும் இந்த வரிகளில் இல்லை.

அதனால் கட்டுரையை எழுதி முடித்ததும் முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் முதல் பத்தியை எடுத்துவிடலாம். பத்தில் எட்டுக் கட்டுரைக்கு இது பொருந்துகிறது.

முதல் வரியில் மூன்று இருக்க வேண்டும்: வாசகர் கண்ணால் பார்க்கும் அடையாளம், காலம், செய்ய வேண்டிய செயல். மேலே சொன்ன குட்டைப் பயிர்க் கேள்வியையே எடுத்து முழுதாக எழுதிக் காட்டுகிறேன்.

"நட்ட இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால், யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன் துத்தநாகக் குறையா என்று பாருங்கள். புது இலையின் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டி வெளிறியிருக்கும். கீழ் இலைகளில் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். இரண்டும் இருந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து தெளியுங்கள். 15 நாள் இடைவெளி விட்டு, குறை மறையும் வரை தொடருங்கள். நீர் தேங்கும் வயலிலும் களர் வயலிலும் இந்தக் குறை அதிகம் வரும். அப்படிப்பட்ட வயலுக்கு அடுத்த போகத்தில் நடவுக்குச் சற்று முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து தூவிவிடுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களோடு அதைக் கலக்க வேண்டாம். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலுக்கு இந்தத் துத்தநாக சல்பேட்டில் பாதி போதும்."

நூறு சொல் அளவுதான். இதோடு நீங்கள் பார்த்த ஒரு வயலின் கதையை ஒரு பத்தியில் சேர்த்தால் கட்டுரை முடிந்தது. எந்த ஊர், என்ன மண், என்ன ரகம், எந்தத் தேதியில் நட்டது, தெளித்த பிறகு எத்தனை நாளில் பச்சை திரும்பியது. இந்த ஐந்தையும் விடாமல் எழுதுங்கள். மன்னார்குடிக் களிமண்ணில் சரியாக வந்தது, கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஊரும் மண்ணும் தெரிந்தால் படிப்பவர் தன் வயலுக்குப் பொருந்துமா என்று தானே முடிவு செய்துகொள்வார். நீங்கள் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதுவதும் இதில் சேர்த்திதான். "பார்த்தேன்", "சொன்னார்கள்" என்ற இரண்டு சொல்லே அதற்குப் போதும்.

ஏக்கரா, ஹெக்டேரா, மாவா

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தவறு நடந்தால் பணமும் பயிரும் போகிற இடம் இது.

நான் முதன்முதலில் எழுதிய கட்டுரை துத்தநாகத்தைப் பற்றித்தான். பரிந்துரைப் புத்தகத்தில் ஹெக்டேருக்கு 25 கிலோ என்று இருந்தது. நான் "ஏக்கருக்கு 25 கிலோ" என்று எழுதிவிட்டேன். எண் சரி, அலகு தவறு. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், ஆக இரண்டரை மடங்கு அதிகமாகச் சொல்லியிருந்தேன். ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் அன்று மாலையே கூப்பிட்டு, "ஏம்மா, அந்தக் கணக்கை இன்னொரு தரம் பாரு" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் தனியாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அலகை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கட்டுரையையும் விடுவதில்லை.

நம் பகுதியில் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். பெரியவர்கள் இன்றும் வேலியிலும் மாவிலும்தான் நிலத்தைச் சொல்கிறார்கள். 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு மா என்பது சுமார் 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். கட்டுரையில் ஏக்கர் கணக்கைக் கொடுத்து, தேவையான இடத்தில் மாவுக்கு எவ்வளவு என்றும் ஒரு தரம் சொல்லிவிட்டால் அதைப் படித்துக் காட்டுகிறவருக்கு வேலை மிச்சம். ஹெக்டேரை நம் மடலில் நான் அடியோடு எடுத்துவிடுகிறேன்.

மூட்டையும் அப்படித்தான். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ. வியாபாரியிடம் அதே சொல் 60 கிலோவைத் தாண்டும். "ஏக்கருக்கு 40 மூட்டை கண்டது" என்று எழுதினால் எந்த மூட்டை? கிலோவில் எழுதுங்கள். "ஒரு டேங்குக்கு ஒரு மூடி மருந்து" என்பதும் வேண்டாம். கைத்தெளிப்பான் ஒரு அளவு, பேட்டரித் தெளிப்பான் இன்னொரு அளவு, ட்ரோன் வேறு கணக்கு. ஏக்கருக்கு எத்தனை கிராம் அல்லது மில்லி, எவ்வளவு தண்ணீர் என்று இரண்டையும் சொல்லுங்கள்.

தேதியிலும் இதே கவனம் வேண்டும். "வழக்கம்போல ஜூன் 12-ல் தண்ணீர் வந்ததும்" என்று எழுதிவிடுகிறார்கள். 2022-ல் மேட்டூர் அணை மே 24 அன்றே திறந்தது. 2024-ல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மடலை யாரோ இரண்டு வருஷம் கழித்துத் தேடி எடுத்துப் படிப்பார்கள். "இந்த வருஷம்", "சமீபத்தில்" என்பதெல்லாம் அப்போது பொருள் இழந்துவிடும். வருஷத்தை எண்ணில் எழுதுங்கள். கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பொது விதி, மழை கெடுத்த வருஷங்களில் ஒன்றிய அரசு அதைத் தளர்த்தியிருக்கிறது. தளர்வைப் பற்றி எழுதினால் எந்தப் பருவத்துக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வினையைத் தேடி அலைய விடாதீர்கள்

தமிழில் வினை கடைசியில்தான் வரும். பேசும்போது அது ஒரு தொல்லையே இல்லை, ஏனென்றால் நாம் சின்னச் சின்னதாகப் பேசுகிறோம். எழுதும்போது எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போகிறோம். "வடிகால் வசதி இல்லாத தாழ்வான பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையினால் ஏற்படும் நீர்த்தேக்கத்தினால் பாதிக்கப்படும் இளம் பயிர்களைக் காப்பாற்றும் பொருட்டு உரிய நேரத்தில் வடிகால் பணிகள் மேற்கொள்ளப்பட வேண்டும்." கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் திரையை விட்டே மேலே போய்விட்டது. இதையே இப்படி எழுதலாம்: "தாழ்வான வயலில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கும். இளம் பயிர் அதைத் தாங்காது. மழைக்கு முன்பே வடிகாலை வெட்டி விடுங்கள்."

"மேற்கொள்ளப்பட்டது", "செயல்படுத்தப்பட்டது", "கண்டறியப்பட்டது" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் யார் செய்தார் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் வாக்கியம் தானாகவே சுருங்கிவிடும். "தெளிப்பு மேற்கொள்ளப்பட்டது" என்பது "தெளித்தோம்" ஆகும். இந்த ஒரு திருத்தத்திலேயே கட்டுரையின் நீளம் கணிசமாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

சொற்களில் ஊர்ச்சொல்லை முதலில் வையுங்கள். நெற்பழ நோயை நம் ஊரில் லட்சுமி நோய் என்பார்கள். முதல் தடவை இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு, அப்புறம் ஒன்றையே கடைசி வரை பயன்படுத்துங்கள். ஒரு பத்தியில் புகையான், அடுத்த பத்தியில் பழுப்புத் தத்துப்பூச்சி என்று மாற்றி மாற்றி எழுதினால், புதிதாக வேலைக்கு வந்த பையன் இரண்டும் வேறு வேறு பூச்சி என்று நினைத்துக்கொள்வான். பள்ளியில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொழில் எழுத்தில் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

எண்ணைச் சொல்ல முடிகிற இடத்தில் "அதிகமாக இருந்தால்" என்று விடாதீர்கள். புகையான் தூருக்கு ஒன்று இருந்தால் மருந்து அடிக்கலாம் என்ற கணக்கு இருக்கிறது. அதைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தூர் என்றால் தனித் தண்டு, குத்து என்றால் நட்ட முழுக் கொத்து, இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேலே இருக்கும் கணக்கே அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

மருந்தின் கடைப்பெயரை எழுத வேண்டாம். வேதிப்பெயரையும் அதன் சதவீதத்தையும் எழுதுங்கள், அந்தப் பயிருக்குப் பதிவான மருந்தா என்று டப்பாவின் லேபிளில் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்களே அந்தப் பொருளை விற்கிறவர் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உரக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். சொல்லிவிட்டு எழுதுகிறவரைத்தான் வாசகர்கள் நம்பிக் கூப்பிடுகிறார்கள், பல முறை கண்டிருக்கிறேன்.

தலைப்பும் படமும்

தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். மின்னஞ்சல் பட்டியலில் போன் திரை நாலைந்து தமிழ்ச் சொல்லைத்தான் காட்டும், மீதி புள்ளி புள்ளியாக மறைந்துவிடும். ஆகவே முதல் மூன்று சொல்லுக்குள் பயிரோ பிரச்சினையோ வந்துவிட வேண்டும். "காவிரிப் படுகை மாவட்டங்களில் சம்பா பருவத்தில் காணப்படும்..." என்று தொடங்கினால் விஷயம் வெளியே தெரியவே தெரியாது. "குட்டையாக நிற்கும் பயிர்: யூரியாவுக்கு முன் பார்க்க" என்றால் உள்ளே வருவார்கள்.

படம் ஒன்று போதும். காலை வெயிலில், கேமராவுக்கு நிழல் விழாமல் எடுங்கள். இலையைத் தனியாகக் காட்டும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ உங்கள் விரலையோ வைத்தால் அளவு புரியும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தை எடுக்காதீர்கள், அது எந்த நாட்டு வயல் என்றே தெரியாது. விவசாயியின் முகமோ பெயரோ வருவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அது எங்கள் கணினியில் ஆங்கில எழுத்துகளின் கூட்டமாகத்தான் விழும். மாற்றியில் போட்டு எடுக்கும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறிப் பிழை நுழையும். ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போகிற மடலைப் பாதியில் வெட்டி, மீதியைத் தனியாகத் திறந்து பார்க்கச் சொல்லும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும், ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். ஐந்தாறு நீளக் கட்டுரை சேர்ந்தால் கடைசியாக இருப்பவரின் கட்டுரை வெட்டுக்குக் கீழே போய்விடும். நான் அளவில் கறாராக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அனுப்பும் முன், அனுப்பிய பின்

எழுதிய அன்றே அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். காலையில் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். பிறகு வீட்டிலோ அலுவலகத்திலோ இந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, "நான் என்ன செய்யச் சொல்றேன்?" என்று கேளுங்கள். என் அம்மாவிடம்தான் நான் படித்துக் காட்டுவேன். நாற்பது வருஷம் நடவுக்குப் போனவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவர் சொல்லும் பதிலும் என் மனசில் இருப்பதும் ஒன்றாக இல்லையென்றால், மாற்ற வேண்டியது என் வரியைத்தான்.

அனுப்பிய பின் இரண்டு நாள் போனை எடுக்கத் தயாராக இருங்கள். சந்தேகம் கேட்பார்கள், சில சமயம் தவறைக் காட்டுவார்கள். தவறு என்று உறுதியானால் அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஒரு தனி மடல் அனுப்பச் சொல்லுங்கள். துத்தநாகக் கணக்கில் நான் தவறியபோது அன்று இரவே ஒரு மடல் போனது. தலைப்பு: "திருத்தம்: ஏக்கருக்கு 10 கிலோ, 25 அல்ல." உள்ளே மூன்று வரி. எது தவறு, எது சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மீதியை அடுத்த போகத்துக்கு ஈரம் படாமல் எடுத்து வைக்கலாம் என்பது. அதற்கடுத்த இதழிலும் முதல் கட்டுரைக்கு மேலே அதையே மறுபடி போட்டோம், முதல் மடலைப் பார்க்காமல் விட்டவர்கள் இருப்பார்களே என்பதற்காக.